77 ஆண்டுகள் தலைகீழாகத் தொங்கிய ஓவியம்... யாருக்குமே தெரியலையா? அரூப ஓவியம் என்றால் என்ன?

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகர அருங்காட்சியகம் 2022 அக்டோபரில் ஒரு தகவலைச் சொல்ல, கலையுலகமே திரும்பிப் பார்த்தது. பியட் மோன்ட்ரியான் 1941-ல் உருவாக்கிய 'நியூயார்க் சிட்டி 1' ஓவியம், 1945-ல் முதன்முதலாகக் காட்சிக்கு வந்த நாளிலிருந்தே தலைகீழாகத் தொங்குகிறது என்பதுதான் அந்தத் தகவல்.

"மேல் எது, கீழ் எதுன்னே தெரியலை. இதுக்குப் போய் இவ்வளவு மதிப்பா?" என்ற கேள்வி எழுவது இயல்புதான். பதில் தேட, அரூப ஓவியம் எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அரூப ஓவியம்னா என்ன?

மரம், முகம், மலை என எந்தப் பொருளையும் அப்படியே காட்டாமல், நிறம், கோடு, வடிவம் ஆகியவற்றை வைத்தே உணர்வை எழுப்புவது அரூப ஓவியம். ராக ஆலாபனையில் பாடல் வரிகள் இருக்காது. ஆனாலும் மனசு உருகும். அதே வேலையை இங்கே நிறங்கள் செய்கின்றன.

எப்படித் தொடங்கியது?

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி, மியூனிக்கில் ஒருநாள் மாலை மங்கலில் தன் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். என்ன பொருள் என்றே புரியாத, ஆனால் நிறங்களால் ஒளிர்ந்த ஓர் ஓவியத்தைக் கண்டு அசந்து நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தால், அது அவரே வரைந்தது! பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஓவியத்துக்குப் பொருள் தேவையில்லை என்ற எண்ணம் அவருக்குள் வலுத்தது அங்கேதான்.

அவருக்கும் முன்பே, 1906-லேயே அரூப ஓவியங்களைத் தொடங்கியவர் ஸ்வீடன் நாட்டுப் பெண் ஹில்மா ஆஃப் கிளின்ட். இறந்து 20 ஆண்டுகள் வரை அவற்றைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் வரலாற்றில் அவர் பெயர் வெகுகாலம் இடம்பெறவில்லை. 2018-ல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தொடங்கிய அவரது கண்காட்சிக்கு 6 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர்.

முக்கிய பாணிகள் என்னென்ன?

* வடிவியல் பாணி: மோன்ட்ரியான் கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, சிவப்பு, மஞ்சள், நீலம், கூடவே கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்று தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொண்டார். மாலெவிச் 1915-ல் 'கறுப்புச் சதுரம்' வரைந்தார்.

* செயல் ஓவியம்: அமெரிக்காவின் ஜாக்சன் போலாக் கேன்வாஸைத் தரையில் விரித்து, குச்சியால் பெயின்ட்டைச் சொட்டவிட்டும் வீசியும் வரைந்தார்.

* நிறப்பரப்பு: மார்க் ரோத்கோ மெல்லிய நிற அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினார். உள்ளிருந்து வெளிச்சம் வருவது போலத் தெரியும்.

இந்தியாவில்?

வி.எஸ். கைத்தொண்டே ரோலரையும் தட்டைக் கத்தியையும் கொண்டு நிறங்களைப் பூசியும் சுரண்டியும் வரைந்தார். 'பிந்து'வை மையமாக வைத்து வரைந்த எஸ்.எச். ரஸாவின் 'ஜெஸ்டேஷன்', 2023-ல் மும்பை ஏலத்தில் 51.75 கோடி ரூபாய்க்குப் போனது. சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், படிக்க முடியாத எழுத்துகளையும் ஜாதகக் கட்டங்களையும் வைத்தே 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் படைத்தார்.

"இதை என் பிள்ளையே வரைஞ்சிடுமே!"

இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஓவியர்களின் அரூப ஓவியங்களோடு குழந்தைகளும் விலங்குகளும் வரைந்தவற்றை ஜோடி ஜோடியாகக் காட்டினர். வரைந்தவர் யார் என்ற குறிப்பை மாற்றி ஒட்டியபோதும், குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அதிகமுறை ஓவியரின் படைப்பையே சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஓவியம் படிக்காதவர்களுக்கும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

மோன்ட்ரியான் விஷயமும் அப்படித்தான். கோடுகள் நெருங்கி நிற்கும் பகுதி மேலே இருக்க வேண்டும் என்று காப்பாளர் சுசன்னே மேயர்-பியூசருக்குத் தோன்றியது. பாரீஸில் உள்ள அதே போன்ற ஓவியத்தில் அப்படித்தான் இருக்கிறது. 1944-ல் ஓவியரின் ஸ்டுடியோவில் எடுத்த புகைப்படமும் அதையே காட்டியது. அர்த்தமில்லாத கிறுக்கல் என்றால், இப்படித் தவறைக் கண்டுபிடிக்கவே முடிந்திருக்காது.

சரி, இப்போது திருப்பி மாட்டிவிட்டார்களா? இல்லை. அந்தக் கோடுகள் பெயின்ட் அல்ல, ஒட்டும் டேப்புகள். பழசாகிப்போன அவை, திருப்பினால் பிய்ந்து விழுந்துவிடலாம் என்பதால் ஓவியத்தைத் தலைகீழாகவே விட்டுவிட முடிவானது.