கட்டைவிரலால் அடைத்தால் வேகம் இன்ஃபினிட்டியா?

ஹோஸ் பைப்பில் செடிக்குத் தண்ணி விடும்போது கடைசிச் செடிக்கு எட்டலைன்னா என்ன பண்ணுவோம்? பைப் வாயில கட்டைவிரலை வெச்சுக் கொஞ்சம் அடைப்போம். தண்ணி சீறிக்கிட்டுப் போய் விழும். கன்டின்யூட்டி ஈக்குவேஷனுக்கு உதாரணம் சொல்லுன்னா நம்ம கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் சொல்றது இதைத்தான். ஏ1 வி1 = ஏ2 வி2. பரப்பு குறைஞ்சுது, வேகம் கூடுச்சு. ரெண்டு மார்க்.

அதே ஃபார்முலாவை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்க. பாதி அடைச்சா வேகம் ரெண்டு மடங்கு. முக்கால் பங்கு அடைச்சா நாலு மடங்கு. நூத்துல தொண்ணூத்தொன்பது பங்கு அடைச்சா நூறு மடங்கு. முழுசா அடைச்சா? ஃபார்முலா இன்ஃபினிட்டின்னு சொல்லும். நிஜத்துல தண்ணி நின்னுடும், இல்லைன்னா அந்தப் பக்கம் டேப்லேர்ந்து பைப் கழண்டுக்கும்.

ஃபார்முலா சரிதான். அதை வெச்ச இடம்தான் சரியில்லை. ஏ1 வி1 = ஏ2 வி2 என்பது ஒரே நேரத்தில் ரெண்டு இடங்களை ஒப்பிடும் சமன்பாடு. விரல் வைக்கிறதுக்கு முன்னாடி, வெச்ச பின்னாடின்னு பார்க்கும்போது நாம ஒப்பிடுறது ஒரே இடத்தை, ரெண்டு வேற வேற நேரத்துல. அந்த ரெண்டு நேரத்துலயும் ஒரே அளவு தண்ணி வரும்னு எந்த ஈக்குவேஷனும் நமக்கு வாக்குக் கொடுக்கலை.

ஒரு கணக்குப் போட்டே பார்த்துடலாம். மாடி டேங்க் தண்ணி மட்டம் பைப் வாயிலிருந்து 10 மீட்டர் உயரத்துல இருக்குன்னு வைங்க. விரல் வைக்காதப்போ தண்ணி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்துல வருது. இந்த வேகத்துக்குத் தேவையான ஹெட் வெறும் 0.2 மீட்டர்தான். மிச்சம் 9.8 மீட்டர் எங்கே? பைப்போட உரசல்ல, பெண்டுல, வால்வுல எல்லாம் கரைஞ்சுடுது. இந்த இழப்பு ஏறக்குறைய வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், குறையும்.

இப்ப முக்கால் பங்கை அடைங்க. பழைய அளவு தண்ணியே வந்தா வேகம் 8 ஆகணும். கணக்குப் போட்டா வர்றது 7. பைப்புக்குள்ள வேகம் 1.75 ஆகக் குறையுது, அதாவது வர்ற தண்ணி எட்டுல ஒரு பங்கு குறைஞ்சு போச்சு. இருபதுல ஒரு பங்கு மட்டும் திறந்து வெச்சா? பழைய ஃபார்முலாப்படி 40 வரணும். அதுக்கு 80 மீட்டருக்கு மேல உயரமான டேங்க் வேணும். நிஜக் கணக்குல 13-தான் வருது, தண்ணியோட அளவு மூணுல ஒரு பங்காகிடுது. இந்த டேங்கை வெச்சுக்கிட்டு என்ன பண்ணாலும் 14-ஐத் தாண்ட முடியாது, ஏன்னா 10 மீட்டர் ஹெட் முழுசும் வேகமா மாறினா அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ஒவ்வொரு நிலையிலும் கன்டின்யூட்டி அப்படியே நிக்குது: பைப்புக்குள்ள 1.75, வாயில 7, பரப்பு நாலுல ஒண்ணு. பெருக்கிப் பாருங்க, சரியா இருக்கும். விரல் வெச்சதும் வேகம் ஏன் கூடுச்சுன்னா, பைப்புக்குள்ள ஓட்டம் மெதுவாகி இழப்பு குறைஞ்சுது, மிச்சப்பட்ட பிரஷர் வாயில வேகமா வெளிய வந்துது. இதை கன்டின்யூட்டி தனியா சொல்லாது.

வைவால கேக்குற இன்னொரு கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கு. "குழாய் குறுகுற இடத்துல தண்ணி ஏன் வேகமாகுது?" கன்டின்யூட்டின்னு சொல்லி நிறுத்திட்டா எக்ஸ்டர்னல் விடமாட்டார். எந்தப் பொருளும் வேகமாகணும்னா ஒரு விசை தள்ளணும், அது நியூட்டன் காலத்து விஷயம். அகலமான பக்கம் பிரஷர் அதிகம், குறுகலான பக்கம் கம்மி, அந்த வித்தியாசம்தான் தள்ளுது. கன்டின்யூட்டி வேகம் எவ்வளவு இருந்தாகணும்னு மட்டும் சொல்லும். தள்ளுறது அதோட வேலை இல்லை. அது கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை வெச்சிருக்கிற நோட்டு

அப்போ உண்மையான கன்டின்யூட்டி ஈக்குவேஷன் எது? மெஸ்ஸுக்குள்ள போன ஆள் கழித்தல் வெளிய வந்த ஆள், அது உள்ள கூடின ஆள். அவ்வளவுதான். ஆளுக்குப் பதிலா நிறை, மெஸ்ஸுக்குப் பதிலா நாம மனசுல கட்டுற ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பேர் கன்ட்ரோல் வால்யூம்.

தேர்ட் செமஸ்டர்ல மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ண "டோ ரோ பை டோ டி பிளஸ் டெல் டாட் ரோ வி ஈக்குவல் டு ஜீரோ" சொல்றதும் இதையேதான். முதல் பாதி: இந்தப் புள்ளியில அடர்த்தி எவ்வளவு வேகமா ஏறுது. ரெண்டாவது பாதி: இந்தப் புள்ளியைச் சுத்தி நிகரா எவ்வளவு நிறை வெளிய போகுது. ரெண்டையும் கூட்டினா பூஜ்யம். அதாவது வெளிய போனா உள்ள குறைஞ்சே ஆகணும். ஆய்லர் 1757-ல் வெளியிட்ட கட்டுரையில் இது கிட்டத்தட்ட இந்த வடிவத்துக்கு வந்துடுச்சு.

இதுல நேரத்தோட எதுவும் மாறலைன்னு சொன்னா முதல் பாதி போயிடும். அடர்த்தியும் மாறலைன்னு சொன்னா ரோவும் போயிடும். ஒரு பக்கம் நுழைஞ்சு மறு பக்கம் வெளிய வர்ற ஒரே குழாய்னா கடைசியில மிஞ்சுறது ஏ1 வி1 = ஏ2 வி2. இத்தனை நிபந்தனைகளை ஓரமா வெச்சுட்டு வந்த ஃபார்முலா அது. நிபந்தனை போச்சுன்னா ஃபார்முலாவும் போச்சு.

ஆய்லருக்கு நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடியே ஆறுகளை வெச்சு இதைப் பேசினவர் பெனடெட்டோ காஸ்டெல்லி. கலிலியோவோட மாணவர், துறவி. அந்தக் காலத்துல ஆத்துல எவ்வளவு தண்ணி போகுதுன்னு கேட்டா அகலத்தையும் ஆழத்தையும் அளந்து சொல்லிடுவாங்க. வேகத்தைச் சேர்க்காம அந்த அளவுக்கு அர்த்தமே இல்லைன்னு 1628-ல் புத்தகமே போட்டார். நாம இன்னிக்கு டிவியில கேக்குற "விநாடிக்கு இத்தனை கன அடி" என்கிற அளவு அவர் சொன்ன வழியில வந்ததுதான்.

மேட்டூர் நியூஸ்

அந்த டிவி நியூஸை ஒரு தடவை இந்தக் கண்ணோட கேளுங்க. மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இவ்வளவு, நீர்திறப்பு இவ்வளவு, நீர் இருப்பு இவ்வளவு. கன்டின்யூட்டி ஈக்குவேஷனோட மூணு டெர்மும் வரிசையா வந்துடுச்சு. ஒரு உதாரணத்துக்கு வரத்து விநாடிக்கு 32,000 கன அடி, திறப்பு 20,000 கன அடின்னு வைங்க. வித்தியாசம் 12,000. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கினா 103.68 கோடி கன அடி. நூறு கோடி கன அடின்னா ஒரு டிஎம்சி, அதனால நாளைக்கு இதே நேரத்துல இருப்பு ஏறக்குறைய 1.04 டிஎம்சி கூடியிருக்கும். அணையோட முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, 120 அடி உயரத்துல. இந்த வேகத்துல போனா எப்போ நிரம்பும்னு நீங்களே வகுத்துக்கலாம். (ஆவியாகிப் போறது, கசிவு எல்லாம் தனிக் கணக்கு.)

இங்கே உள்ள வர்றதும் வெளிய போறதும் சமம் இல்லை. ஆனாலும் கன்டின்யூட்டி உடையலை. தண்ணியோட அடர்த்தி மாறலை, பெட்டிக்குள்ள இருக்கிற தண்ணியோட அளவு மாறுது.

அணைக்கு மட்டுமில்லை, ஆத்துக்கும் இதே கணக்குத்தான். 2022-ல் மே 24-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தாங்க. கல்லணை திறந்தது மே 27. நடுவுல மூணு நாள். மேட்டூரையும் கல்லணையையும் ரெண்டு முனையா வெச்சு ஏ1 வி1 = ஏ2 வி2 போட்டா அந்த மூணு நாளும் ஃபார்முலா பொய் சொல்லும். ஒரு முனையில வெள்ளமா நுழையுது, மறு முனைக்கு இன்னும் வந்து சேரலை. அந்தத் தண்ணி எங்கே இருக்கு? காவிரியிலேயே இருக்கு. காஞ்சு கிடந்த மணல் குடிக்குது, மிச்சம் ஆத்துல மட்டமா ஏறுது. ஆறே ஒரு ஏரி மாதிரி சேமிக்குது.

இதே கணக்கு உயிர் போற விஷயமாகவும் ஆகும். செம்பரம்பாக்கம் ஏரியோட கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மேட்டூரோட ஒப்பிட்டா சின்னது, 4 டிஎம்சி கூட இல்லை. பெட்டி சின்னதா இருந்தா நேரமும் கம்மி. கற்பனையா ஒரு ராத்திரியை எடுத்துக்கலாம்: நிரம்ப இன்னும் 500 மில்லியன் கன அடி பாக்கி, வரத்து விநாடிக்கு 20,000. ஷட்டரைத் திறக்காம வெச்சா 25,000 விநாடி, அதாவது ஏழு மணி நேரத்துல ஏரி நிரம்பிடும். அதுக்கப்புறம் சேமிப்பு டெர்ம் பூஜ்யம். வர்ற 20,000-ஐயும் அப்படியே அடையாத்துல விட்டே ஆகணும், வேற வழி இல்லை. ஆரம்பத்துலேர்ந்தே 5,000 விட்டிருந்தா நிரம்ப ஒன்பதே கால் மணி நேரம் ஆகும். ரெண்டு மணி நேரத்துக்கும் மேல கூடுதல் அவகாசம், கரையில இருக்கிற ஜனங்களைக் கிளப்ப. 2015 டிசம்பர் மழையில அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு ஏறக்குறைய 29,000 கன அடி வரைக்கும் திறந்துவிட்டாங்க. அடையாற்றங்கரை என்ன ஆச்சுன்னு சென்னைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்போ திறந்திருக்கணும் என்கிற விவாதம் வருஷக்கணக்கா நடந்துது. மழை நம்ம கையில இல்லை, ஏரியோட சைஸும் இல்லை. மூணு டெர்ம்ல ஷட்டர் ஒண்ணுதான் மனுஷன் கையில இருக்கு.

அடர்த்தி மாறினா

தண்ணியை 100 அட்மாஸ்ஃபியர் பிரஷர்ல அமுக்கினாலும் அடர்த்தி அரை சதவீதம்தான் கூடும். அதனால ரோவைத் தூக்கிப் போட்டது பிரச்சினை இல்லை. காத்துக்கும் மாக் 0.3 வரைக்கும், அதாவது விநாடிக்கு நூறு மீட்டர் வரைக்கும், மாற்றம் 5 சதவீதத்துக்குள்ள அடங்கும். அதைத் தாண்டினா ரோவைத் திருப்பிக் கூப்பிடணும்.

கூப்பிட்டா வேடிக்கையா ஒண்ணு நடக்கும். மாக் 2-ல போற வாயுவோட வேகத்தை 1 சதவீதம் கூட்டினா அடர்த்தி 4 சதவீதம் விழும். ரோ, ஏ, வி மூணையும் பெருக்கினா மாறாம இருக்கணும்னா பரப்பு 3 சதவீதம் கூடணும். அதாவது சூப்பர்சானிக்ல வழி அகலமானாத்தான் வேகம் கூடும். ராக்கெட் நாசில் முதல்ல குறுகி அப்புறம் மணி மாதிரி விரியறது இதனாலதான். குறுகின இடத்துல மாக் 1, அதுக்கு அப்புறம் விதி தலைகீழ். ஏ1 வி1 மட்டும் தெரிஞ்சவனுக்கு அந்த வடிவமே புரியாது.

நம்ம உடம்புல வேற கதை. கேப்பிலரி ரத்தக்குழாய் முடியைவிட மெல்லிசு, அப்போ ரத்தம் அங்கே பறக்கணுமே? நேர்மாறு. அயோர்ட்டாவோட பரப்பு சுமார் 2.5 சதுர செ.மீ., எல்லாக் கேப்பிலரியும் சேர்ந்தா சுமார் 2,500. அயோர்ட்டாவுல விநாடிக்கு 33 செ.மீ. போற ரத்தம் கேப்பிலரியில 0.3 மில்லிமீட்டர்தான் நகரும். ஆக்சிஜனைக் கைமாத்த அந்த நிதானம் வேணும். ஏ-ன்னா ஒரு குழாயோட பரப்பு இல்லை, ஓட்டம் போற எல்லா வழியும் சேர்ந்த பரப்பு.

ஏ1 வி1 = ஏ2 வி2 சுத்தமா பொருந்துற இடம் ஒண்ணு ஹாஸ்டல் பாத்ரூம்லயே இருக்கு. டேப்பை மெதுவாத் திறந்தா தண்ணி கண்ணாடிக் கம்பி மாதிரி விழும், கீழே போகப் போக மெலியும். விழ விழ வேகம் கூடுது, தண்ணி அளவு மாறலை, அதனால பரப்பு குறையுது. இங்கே தள்ளுறது யாருன்னா புவியீர்ப்பு. பக்கத்துல ஒரு ஸ்கேலை வெச்சு போன்ல போட்டோ எடுங்க. வாயில விட்டம் 10 மில்லிமீட்டர், 30 செ.மீ. கீழே 6.2 மில்லிமீட்டர்னு வந்துதுன்னு வைங்க. மேல் விட்டத்தைக் கீழ் விட்டத்தால வகுத்து நாலாம் அடுக்கு எடுங்க: 6.77. ஒண்ணைக் கழிச்சா 5.77. ரெண்டு, 9.8, உயரம் 0.3 மூணையும் பெருக்கினா 5.88. அதை 5.77-ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா டேப் வாயில வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். பரப்பால பெருக்கினா விநாடிக்கு சுமார் 79 மில்லிலிட்டர். நாலாம் அடுக்கு இருக்கிறதால விட்டத்தை அளக்கறதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சரி பார்க்க ஒரு லிட்டர் பாட்டிலும் போன் ஸ்டாப்வாட்ச்சும் போதும்: 13 விநாடி பக்கத்துல நிரம்பணும்.