கடைக் கம்ப்யூட்டருக்கும் தடுப்புச் சுவர் வேண்டும்

கிளியனூரில் மொத்த மளிகை வியாபாரம் செய்பவன் நான். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் கம்ப்யூட்டரால் பட்ட ஓர் அடியைச் சொன்னால் சிலருக்காவது உதவும்.

எங்கள் கடையில் இருப்பது எக்ஸ்பி போட்ட பழைய மெஷின். 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். (திறந்து பார்த்தால் 37தான் காட்டும். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், மெஷின் 1024 கணக்கில் எண்ணுகிறது. எடைக் குறைவு அல்ல.) வாங்கியபோது முழுவதையும் ஒரே சி டிரைவாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஒருநாள் விண்டோஸ் எழவில்லை. வந்தவர் ஃபார்மேட் செய்து புதிதாக ஏற்றினார். விண்டோஸ் வந்தது, மரக்காணத்தில் உப்பு எடுத்த கணக்கும், சில்லறைக் கடைகள் தரவேண்டிய பாக்கியும் போய்விட்டன. கைச்சிட்டையை வைத்துப் பாதிதான் வசூலானது.

உப்பு மூட்டையையும் சர்க்கரை மூட்டையையும் தடுப்பில்லாமல் ஒரே அறையில் அடுக்குவோமா? டிஸ்கிலும் அப்படித்தான். விண்டோஸ் சி-யில், கணக்கு டி-யில் இருந்தால், சி-யை மட்டும் ஃபார்மேட் செய்யலாம். டி அப்படியே நிற்கும். டெஸ்க்டாப்பிலும் மை டாக்குமென்ட்ஸிலும் போடுவதெல்லாம் சாதாரணமாக சி-யில்தான் விழும் என்பதைப் பலர் அறியார்.

அளவு எவ்வளவு? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கணக்குதானே முக்கியம் என்று டி-க்கு வாரிக் கொடுத்து, சி-யை 5 ஜிபியில் முடக்குவார்கள். கணக்கு எழுத்தும் எண்ணும்தான். எங்கள் பல வருடக் கணக்கும் ஒரு ஜிபியைத் தொடவில்லை. வளர்வது சி: அப்டேட், பிரிண்டர் சாஃப்ட்வேர், தற்காலிக ஃபைல் எல்லாம் அங்கேதான் சேரும். ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் வேலைக்கே எக்ஸ்பி 15 சதவீதம் காலியிடம் கேட்கும். இப்போது சி-க்கு 15, டி-க்கு 8, மீதியை ஸ்கேன் செய்த பில், படங்களுக்கு ஈ என்று வைத்திருக்கிறேன். முதலிலேயே யோசித்துப் போடுங்கள். 2007-இல் கடைக்கு வந்த விஸ்டா முதல் பார்ட்டிஷனைச் சுருக்கும் வசதி விண்டோஸிலேயே உண்டு, எக்ஸ்பியில் கிடையாது.

ஒன்று: அறை மூன்றானாலும் கட்டடம் ஒன்றுதான். டிஸ்க் செத்தால் மூன்றும் போகும். எங்கள் கடலோர உப்புக் காற்றில் இரும்புப் பெட்டியே துருவேறுகிறது. ஆகவே தினமும் கடை சாத்துமுன் டி-யைப் பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டதால் இந்த மெஷினில் இன்டர்நெட் கிடையாது. ஜிஎஸ்டி வேலைக்கு வேறு மெஷின்.