ஏரி இருந்த இடத்தில் எங்கள் நகர்

தி. நகரின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் நீதிக்கட்சியின் வரலாறு பாதி தெரிந்துவிடும். நகரின் பெயரே, சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயருடையது. பனகல் பூங்காவுக்கு 1921 முதல் 1926 வரை மாகாண முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயர். டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை எல்லாம் அந்த வரிசைதான். பாண்டி பஜாரும் சௌந்தரபாண்டியனார் அங்காடிதான்.

தலைவர்களை நினைவில் வைத்த நகர், தன் அடியில் கிடக்கும் ஏரியை மறந்துவிட்டது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் ஏரி நீரை வடித்து மனை பிரித்தார்கள். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று அதன் கரைகள் மட்டும் முகவரிகளில் மிஞ்சின. பூங்காவும் அகன்ற சாலைகளுமாக அன்று திட்டமிட்ட விதத்தை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் ஏரியைத் தேடி வந்த மழைநீருக்கு மனை விற்றவர்கள் யாரும் தகவல் சொல்லவில்லை. அது இன்னமும் இங்கேதான் வருகிறது.

வந்த நீர் வடிய எங்களுக்கிருக்கும் முக்கிய வழி, நந்தனம் பக்கம் அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய். அது அடைத்துக்கொண்டால் என்னாகும் என்பதை 2021 நவம்பரில் பார்த்தோம். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். முறையிடப் போனால், வார்டுக்குக் கவுன்சிலரே கிடையாது. 2016-இல் பதவிக்காலம் முடிந்த மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. தெருவில் நின்ற தண்ணீரைவிட அந்த ஐந்து ஆண்டு வெறுமைதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. தண்ணீர் சில நாளில் வடிந்துவிடும். கேட்க ஆளில்லாத பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

இப்போது வார்டு கமிட்டியும் பகுதி சபையும் சட்டப்படி இருக்கின்றன. கிராமத்தார் கிராம சபையில் எழுந்து கேட்பதுபோல் நகரத்தாரும் கேட்கலாம். அடுத்த பகுதி சபைக் கூட்டம் என்றைக்கு என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கால்வாய் தூர்வாரிய கணக்கை அதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.