பட்டத்துக்குப் பிறகும் ஒரு பரீட்சை

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர் சான்றிதழ்களைக் கொடுத்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் போதும், வேலைக்குப் போகலாம். தனியாக உரிமத் தேர்வு என்று ஒன்றும் கிடையாது. அந்தப் பழக்கத்தில் அமெரிக்க வேலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அங்கே கல்லூரி பட்டம் மட்டுமே தரும். உரிமம் தருவது அந்தந்த மாநிலத்தின் நர்சிங் வாரியம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது என்கிளெக்ஸ் தேர்வு.

பட்டம் பெரிதா சிறிதா என்று இந்தத் தேர்வு பார்ப்பதில்லை. இரண்டாண்டு அசோசியேட் பட்டக்காரரும் நான்காண்டு பி.எஸ்.என். பட்டக்காரரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ்-ஆர்.என்.; வாங்குவதும் ஒரே உரிமம். (நியூயார்க் 2017இல் கொண்டுவந்த சட்டப்படி, அங்கே அசோசியேட் பட்டத்தோடு புதிதாக உரிமம் பெறுகிறவர்கள் பத்தாண்டுக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும்.) நம்மூர் ஜி.என்.எம். படித்தவர்களுக்கும் பல மாநிலங்களில் வழி உண்டு.

தேர்வறையில் உள்ளங்கை நரம்பை ஸ்கேன் செய்துவிட்டுத்தான் கணினி முன் உட்காரவிடுவார்கள். முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. பதிலுக்குத் தக்கபடி அடுத்த கேள்வி கடினமாகும் அல்லது எளிதாகும். 85 கேள்விக்கும் 150 கேள்விக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் திரை நின்றுவிடலாம். 85இலேயே நின்றால் பாஸ் என்று விடுதிகளில் பேசிக்கொள்வதில் உண்மையில்லை. தோற்றவர்களுக்கும் 85இல் நிற்கும். கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் இன்னும் 150 டாலர். தோற்றால் 45 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். புளோரிடாவில் மூன்று முறை தொடர்ந்து தோற்றவர் மீள்பயிற்சி வகுப்பை முடித்துவிட்டு வர வேண்டும்.

தேர்வில் பாஸானால் எல்லாம் முடிந்ததா? இல்லை என்பதைக் காட்டியது 'ஆபரேஷன் நைட்டிங்கேல்'. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யும் மத்திய சுகாதாரத் துறையின் கண்காணிப்புப் பிரிவும் சேர்ந்து நடத்திய விசாரணையைத் தொடர்ந்து 2023 ஜனவரியில் 25 பேர் மீது வழக்குப் போடப்பட்டது. தெற்கு புளோரிடாவின் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் அதிகமான போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. ஒருவரிடம் 10,000 டாலருக்கு மேல்கூட வாங்கியிருக்கிறார்கள். வகுப்புக்குப் போகாமல், வார்டில் ஒரு நோயாளியைக்கூடத் தொடாமல், மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்துவிடும். அதைக் காட்டி என்கிளெக்ஸ் எழுதியவர்களில் சுமார் 2,400 பேர் பாஸாகி உரிமமும் வாங்கிவிட்டார்கள். செய்தி வெளிவந்ததும் மாநில வாரியங்கள் அந்த உரிமங்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்கின. டெலவேர் 26 உரிமங்களைச் செல்லாது என்று அறிவித்தது. ஜார்ஜியா 22 பேரைத் தாமாகவே உரிமத்தை ஒப்படைக்கச் சொன்னது. பரீட்சை பாஸானது அவர்களைக் காப்பாற்றவில்லை. அஸ்திவாரத்திலிருந்த பட்டம் போலி என்றால் மேலே எழுதிய தேர்வுக்கு மதிப்பில்லை என்பதுதான் வாரியங்களின் நிலை. அது நியாயமும்கூட: என்கிளெக்ஸ் கணினித் திரையில் நடக்கிறது, ஊசி போடும் கையை அது பார்ப்பதில்லை.

இதில் உறுத்துவது, அவை ஏதோ பெயர்ப்பலகை மட்டும் மாட்டிய கடைகள் அல்ல, புளோரிடாவில் அனுமதி பெற்று நடந்த பள்ளிகள் என்பது. ஆகவே வாரியத்தின் அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி மட்டுமே. அந்தப் பள்ளியில் படித்தவர்கள் முதல் முயற்சியில் எத்தனை சதவீதம் பாஸாகிறார்கள் என்பதைப் பல வாரியங்கள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதையும் பார்க்க வேண்டும். எந்த மருத்துவமனையில் வார்டு பயிற்சி என்று கேட்டால் பெயர் சொல்லத் தடுமாறும் பள்ளியில் பணம் கட்டக் கூடாது. வாரிய அனுமதி வேறு, ஏசென், சி.சி.என்.இ. போன்ற தேசிய அங்கீகாரம் வேறு. அனுமதி இருந்தால் தேர்வு எழுதலாம். அங்கீகாரம் இல்லாவிட்டால் மேற்படிப்புக்குச் சேரும்போதும், முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனைகளில் வேலை கேட்கும்போதும் சிக்கல்.

இந்தியாவில் படித்தவர்களுக்கு வேறொரு சிக்கல். வெளிநாட்டு நர்சிங் படிப்பை மதிப்பிடும் சி.ஜி.எஃப்.என்.எஸ். (இப்போது ட்ரூமெரிட்) போன்ற அமைப்பு அவர்களுடைய பாடத்திட்டத்தை அமெரிக்கப் பாடத்திட்டத்தோடு வரிவரியாக ஒப்பிடும். மதிப்பெண் பட்டியல் கல்லூரியிலிருந்து நேராக அங்கே போக வேண்டும், மாணவர் கையில் வாங்கி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். கலிபோர்னியா இன்னும் கறார்: ஒரு பாடத்தின் வகுப்பும் அதற்கான வார்டு பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது. மகப்பேறு பாடம் ஒரு வருடம், பிரசவ வார்டு அடுத்த வருடம் என்றிருந்தால் குறைபாட்டுக் கடிதம் வரும். கட்டணம் கட்டும் முன் மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான் முக்கியம்.

ஒழுங்காகப் படித்தவருக்கே வாரியத்திலிருந்து சந்தேக நோட்டீஸ் வந்தால்? நைட்டிங்கேல் விவகாரத்தில் அந்தப் பள்ளிகளில் உண்மையாகவே படித்ததாகச் சொன்னவர்களும் உண்டு. குற்றச்சாட்டு என்ன என்று தெரிந்துகொள்ளவும் விசாரணையில் தன் பக்கத்தைச் சொல்லவும் உரிமம் வைத்திருப்பவருக்கு உரிமை இருக்கிறது; பதில் சொல்லக் கொடுத்த கெடுவைத் தவறவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். கட்டண ரசீது, வார்டு வருகைப் பதிவு, மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பயிற்சிக் குறிப்பேடு ஆகியவைதான் அப்போது சாட்சி. 'தானாக ஒப்படைத்துவிடுங்கள், பிரச்சினை முடியும்' என்று கடிதம் வந்தால், வழக்கறிஞரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. விசாரணைக்கு நடுவே தானாக ஒப்படைத்ததும் நடவடிக்கையாகவே பதிவாகும். வேறு மாநிலத்தில் உரிமம் கேட்கும்போது அந்த வாரியம், நர்ஸ்களின் உரிமங்களும் அவற்றின் மீதான நடவடிக்கைகளும் பதிவாகும் நர்சிஸ் இணையத்தளத்தில் அதைத்தான் முதலில் பார்க்கும்.