மாட்டின் தோளும் உங்கள் தோளும்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளைத் தரிசித்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி நிற்பார். நீங்களும் அப்படி இடுப்பில் கை வைத்து நில்லுங்கள். நண்பனை முதுகுப் பக்கம் வந்து தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக, தட்டையான முக்கோண எலும்பு கைக்குத் தட்டுப்படும். அதுதான் தோள்பட்டை எலும்பு. அதன் கீழ் நுனியில் நண்பன் விரலை வைத்திருக்கட்டும். இப்போது கையை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்குங்கள். நுனி அவன் விரலை விட்டு அக்குள் பக்கமாக நழுவிப் போகும்!

கையை முழுதாகத் தூக்குவது ஏறக்குறைய 180 பாகை. அதில் 120 பாகைதான் தோள்மூட்டின் வேலை. மீதி 60 பாகை, தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைக்கிறது. அமெரிக்காவின் இன்மன் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் எக்ஸ்ரே படங்களின் உதவியோடு ஆராய்ந்து, 1944-இல் இந்தக் கணக்கை எழுதினார்கள்.

இவ்வளவு நகரும் எலும்புக்கு முதுகெலும்போடும் மூட்டு இல்லை, விலா எலும்போடும் மூட்டு இல்லை. முன்பக்கம் கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பு மட்டுமே அதை உடம்போடு இணைக்கிறது. மற்றபடி அதைப் பிடித்து வைத்திருப்பவை தசைகள்தாம்.

மாட்டுக்கு அந்தக் காறை எலும்பும் கிடையாது. மேய்ச்சலுக்குப் போகும் மாட்டைப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். முன்கால் எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் தோலுக்கடியில் ஓர் எலும்பு ஏறி இறங்கும். தூளியில் கிடக்கும் குழந்தையைப் போல, மாட்டின் மார்புக்கூடு இரண்டு முன்கால்களுக்கு நடுவே தசையில் தொங்குகிறது. அந்தத் தசைக்கு உறவான ஒன்று நமக்கும் உண்டு. மேல் எட்டு, ஒன்பது விலா எலும்புகளில் ரம்பப் பல் போலப் புறப்பட்டு, தோள்பட்டை எலும்புக்கு அடியில் புகுந்து, முதுகெலும்பை ஒட்டிய அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரம்பத் தசை என்றே சொல்லலாம்.

கழுத்திலிருந்து இறங்கி மார்பின் பக்கவாட்டில் நெடுக ஓடும் ஒரு நரம்புதான் இந்தத் தசையை இயக்குகிறது. மறைவில்லாமல் ஓடுவதால் அதற்கு ஆபத்து அதிகம். பலத்த அடி, தோளை அழுத்தும் பெரும் சுமை, சில நேரம் ஒரு காய்ச்சல்கூட அதைக் கெடுக்கலாம். நரம்பு சோர்ந்தால் தசை பிடியை விடும். எலும்பின் ஓரம் சிறகு போல முதுகில் துருத்திக்கொள்ளும். கையை உயரத் தூக்கவும் முடியாது.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் செய்யும் சோதனை எளிது. இரு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்துத் தள்ளச் சொல்வார்கள். பின்னால் நின்று முதுகைப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் துருத்தினால் சந்தேகம். ஒல்லியான பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் எடுப்பாகத் தெரிவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். காயப்பட்ட நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் குணமாக மாதக்கணக்கில், சிலருக்கு ஓரிரு ஆண்டுகூட ஆகும். அதுவரை இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சிகளை விடாமல் செய்ய வேண்டும்.

சுவாமி பல்லக்குத் தூக்குபவர்களைப் பாருங்கள். துண்டை மடித்துத் தோளில் வைத்து, அவ்வப்போது தோள் மாற்றிக்கொள்வார்கள். அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம் அது. நீங்களோ புத்தகப் பையை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிறீர்கள்! பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2020-இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை. நீங்கள் 30 கிலோ என்றால் பை 3 கிலோ. இன்றே உங்கள் பையை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நாளை முதல் இரண்டு தோளிலும் மாட்டுங்கள்.