பார் வைத்த சைக்கிள்

1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டைத் தெருக்களில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் பேரணியாக வந்தார்கள். ஹேண்டில்பாரில் கொடி, ஓயாத மணிச்சத்தம். கல்குவாரியில் வேலை செய்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் விடப் பழகியவர்கள்.

அதற்கு முன்பெல்லாம் கிராமத்துப் பெண் வெளியூர் போக வேண்டுமென்றால் நடக்க வேண்டும், பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவோ அண்ணனோ புருஷனோ கேரியரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். 1991-இல் எழுத்தறிவுக்காக இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதில் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் முயற்சி எடுத்தார். கேலி பேசியவர்கள் உண்டு. பழகியவள் அடுத்தவளுக்குப் பழக்கிவிட்டாள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பார் வைத்த சைக்கிள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பிறகு பலர் அதுவே வேண்டுமென்றார்கள். முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொள்ளலாம். விளைந்ததை ஏற்றிக்கொண்டு நாலு ஊர் போய் விற்றுவிட்டு, பஸ் நேரம் பார்க்காமல் வீடு திரும்பலாம். பத்திரிகையாளர் பி.சாய்நாத் நேரில் வந்து பார்த்து எழுதிய கட்டுரை, எட்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. இந்திப் புத்தகத்தில் பாடமானது. நம் பெண்களின் கதையை வடக்கே பிள்ளைகள் பள்ளியில் படித்தார்கள்.

இன்று காலம் மாறிவிட்டது. மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் 2001 முதல் வரத் தொடங்கியது. 2018-இல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க ரூ.25,000 வரை மானியம் தரும் திட்டம் வந்தது. அறந்தாங்கி சாலையிலோ ஆலங்குடி சாலையிலோ வண்டியில் போகும் பெண்ணை இன்று யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. அந்தப் பேரணி வென்றதற்கு எனக்கு இந்த ஒரு சாட்சி போதும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் பஸ் வராத நேரத்துக்கும் பஸ் போகாத ஊருக்கும் சொந்த வண்டிதான் கைகொடுக்கிறது.

சிறிதாகத் தொடங்கும் பேரணியும் ஆண்டுதோறும் நடந்தால் வளரும்: அமெரிக்காவின் ஸ்டர்ஜிஸ் ஊரில் 1938-இல் சிறிய பந்தயமாகத் தொடங்கிய மோட்டார் சைக்கிள் பேரணிக்கு இப்போது ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் திரள்கிறார்கள். அதைவிடப் பெருமைக்குரிய பேரணி நம்முடையது என்பேன். அன்று இருபது வயதில் மிதித்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். புதுக்கோட்டை மக்களே, வரும் மார்ச் 8 அன்று அவர்களை முன்வரிசையில் நிறுத்தி, பேத்திகள் ஸ்கூட்டியில் பின்தொடர ஒரு பேரணி நடத்துங்கள். ஆண்டுதோறும் நடத்துங்கள்.