நான்கு தந்தியில் ஒரு பைலாப் பாட்டு

பிள்ளைகளே, உங்களில் சிலர் பள்ளிக்கூடத்தில் உக்குலேலே வாசித்திருப்பீர்கள். சிலர் குல்தூர்ஸ்கூலெயில் கிற்றாரோ பியானோவோ பழகுவீர்கள். அங்கே நோர்வேஜியப் பாட்டும் ஆங்கிலப் பாட்டும்தான் கூடுதலாக வரும். ஆனால் அதே வாத்தியத்தில் ஒரு தமிழ்ப் பொப் பாட்டையும் வாசிக்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

எந்தப் பாட்டு?

உங்கள் அம்மம்மா, அப்பப்பா இளமையாக இருந்த காலத்தில், 1960களிலும் 1970களிலும், இலங்கையில் தமிழ்ப் பொப் பாடல்கள் வந்தன. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்ற பாட்டைப் பாடினார். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடினார். அதில் சிங்களச் சொற்களும் தமிழ்ச் சொற்களும் கலந்து வரும். இந்தப் பாட்டுகளைக் கேட்டால் சும்மா இருக்க ஏலாது. கால் தானாகவே ஆடும்! அதற்குக் காரணம் பைலாத் தாளம்.

ஒரே ஊர்க் கப்பல்கள்

பைலா எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுடைய மொழியில் 'பைலார்' என்றால் ஆடுதல். அவர்களோடு வந்த ஆபிரிக்க மக்களின் தாளமும் இதில் சேர்ந்தது. 1940களில் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் இதைப் புதிய பாணியில் பாடிப் பிரபலமாக்கினார்.

உக்குலேலேயின் கதையும் போர்த்துக்கேயரோடுதான் தொடங்குகிறது. மதெய்ரா என்பது போர்த்துக்கலுக்குச் சொந்தமான தீவு. 1879ஆம் ஆண்டு அங்கிருந்து ஒரு கப்பல் ஹவாய்த் தீவுக்குப் போனது. அதில் போனவர்கள் தங்கள் ஊர்ச் சின்னக் கிற்றாரை வாசித்தார்கள். அதைப் பார்த்துத்தான் உக்குலேலே செய்யப்பட்டது. ஹவாய் மொழியில் 'உக்கு' என்றால் தெள்ளு, 'லேலே' என்றால் குதித்தல். வாசிப்பவரின் விரல்கள் தெள்ளுப் போலக் குதித்ததால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்லுவினம்.

இன்னொன்றும் தெரியுமா? நாங்கள் வீட்டில் சொல்லும் மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். சொல்லும் பாட்டும் வாத்தியமும் இப்படித்தான் கப்பலேறி ஊர் ஊராகப் போகும்.

தந்திகளின் பெயர்

உக்குலேலேயில் நான்கு தந்திகள் உண்டு. ஆங்கிலத்தில் அவற்றின் பெயர் ஜி, சி, ஈ, ஏ. நோர்வேஜிய மொழியில் கே, சே, ஏ, ஆ. இங்கேதான் கவனம் வேணும். பள்ளிக்கூட ரீச்சர் 'ஏ' என்று சொன்னால் அது ஒரு தந்தி. ஆங்கில வீடியோவில் 'ஏ' என்று சொன்னால் அது வேறு தந்தி!

அதனால் நாங்கள் இலக்கத்தால் சொல்வோம். வாத்தியத்தைப் பிடிக்கும்போது நிலத்துக்குக் கிட்ட இருப்பது முதலாம் தந்தி. உங்கள் முகத்துக்குக் கிட்ட இருப்பது நான்காம் தந்தி. கழுத்தில் குறுக்கே உலோகக் கோடுகள் இருக்கும். இரண்டு கோடுகளுக்கு இடையில் உள்ள இடத்தைக் கட்டம் என்போம். முதலாம் கட்டம் தலைப்பக்கத்தில் தொடங்கும்.

மூன்று கோர்டுகள்

பல தந்திகளைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கச் செய்வது கோர்ட்.

சி கோர்ட்: மோதிர விரலால் முதலாம் தந்தியின் மூன்றாம் கட்டத்தை அழுத்துங்கோ. அவ்வளவுதான்!

எஃப் கோர்ட்: சுட்டு விரல் இரண்டாம் தந்தி, முதலாம் கட்டம். நடுவிரல் நான்காம் தந்தி, இரண்டாம் கட்டம்.

ஜி ஏழு கோர்ட்: சுட்டு விரல் இரண்டாம் தந்தி, முதலாம் கட்டம். நடுவிரல் மூன்றாம் தந்தி, இரண்டாம் கட்டம். மோதிர விரல் முதலாம் தந்தி, இரண்டாம் கட்டம்.

முதல் கிழமை விரல் நுனி நோகும். பயப்பட வேண்டாம், பழகினால் நோகாது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணித்தியாலம் வாசிப்பதைவிட அது நல்லது.

தகிட தகிட

பைலாத் தாளத்தில் ஆறு எண்ணிக்கை உண்டு. அதை 'தகிட தகிட' என்று சொல்லலாம். ஒவ்வொரு 'த' வரும்போதும் சுட்டு விரலால் தந்திகளை மேலிருந்து கீழே மீட்டுங்கோ. முதலில் மெதுவாக. பிறகு வேகம் தானாக வரும்.

கோர்டைக் காது கண்டுபிடிக்கும்

சி கோர்ட் உங்கள் வீடு. அங்கிருந்து தொடங்குங்கோ. பாட்டைப் பல தடவை கேட்டுவிட்டு, உங்களுக்கு வசதியான குரலில், சி கோர்டை மீட்டிக்கொண்டு மெதுவாகப் பாடுங்கோ. ஓர் இடத்தில் குரலும் கோர்டும் ஒட்டாது. அங்கே ஜி ஏழு போட்டுப் பாருங்கோ. சரிவராவிட்டால் எஃப். ஜி ஏழைக் கேட்டால் வெளியே போன பிள்ளை வீட்டுக்கு வர ஆசைப்படுவது போல இருக்கும். அதன் பிறகு சி வந்தால் மனம் ஆறும். பல பைலாப் பாட்டுகளுக்கு இந்த இரண்டு மூன்று கோர்டுகள் போதும்.

குளிரும் மரமும்

ஒஸ்லோவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று நன்றாகக் காய்ந்துவிடும். காய்ந்த மரம் வெடிக்கும். ஆகவே உக்குலேலேயை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். காருக்குள் விட்டுவிட்டும் வர வேண்டாம். வெளியே இருந்து வந்தவுடன் முதலில் கையைச் சூடாக்குங்கோ. விறைத்த விரலால் கோர்ட் பிடிக்க முடியாது.

ஏன் இந்தப் பாட்டு?

அம்மம்மா தொலைபேசியில் "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்பா. நீங்கள் "சோறு" என்பீர்கள். பிறகு என்ன கதைப்பது என்று தெரியாது. அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவீர்கள். பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. அன்பு இல்லாமல் இல்லை, கதைக்க ஒரு விஷயம்தான் இல்லை.

இந்தப் பாட்டில் நாலு வரி பாடிக் காட்டுங்கோ. பிறகு, "இது உங்களுக்குத் தெரியுமா? எங்கே கேட்டனீங்கள்?" என்று கேளுங்கோ. அவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். விளங்காத சொல் வந்தால் நிறுத்திக் கேளுங்கோ. கோர்டைப் பிழையாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

பயிற்சி

1. பைலாவையும் உக்குலேலேயையும் இணைக்கும் நாடு எது?
2. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் கேட்ட ஒரு பாட்டைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொன்னதை ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள்.
3. 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே, சி கோர்டில் இருந்து ஜி ஏழுக்கு மாறிப் பழகுங்கள்.